சீமைக்கருவேல ஒழிப்பில் மக்கள் பங்களிப்பு

சீமைக்கருவேல ஒழிப்பில் மக்கள் பங்களிப்பு என்பது, தமிழ்நாட்டின் கண்மாய்கள், ஊருணிகள், ஆற்றுப்படுகைகள், மேய்ச்சல் நிலங்கள், தரிசு நிலங்கள் ஆகியவற்றில் பரவியுள்ள சீமைக்கருவேலம் என்னும் அயல் மரத்தைக் கட்டுப்படுத்துவதற்காக ஊர்மக்கள், மாணவர்கள், இளைஞர் குழுக்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியோர் தாமாக முன்வந்து செய்யும் பணிகளையும், அவற்றோடு இணைந்த பரப்புரை மற்றும் கல்வி முயற்சிகளையும் குறிக்கும். இம்முயற்சிகள் 2017ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் மாநிலம் தழுவிய எழுச்சியாக வெளிப்பட்டன. ஓர் அயல் தாவரத்திற்கு எதிராக இவ்வளவு மக்கள் கடப்பாரையும் மண்வெட்டியும் ஏந்தியது தமிழக வரலாற்றில் அரிதான நிகழ்வு ஆகும். எனினும், பரப்புரையில் பிழையான செய்திகள் கலந்தமையாலும், வெட்டிய இடங்களில் தொடர் கண்காணிப்பு இல்லாமையாலும் பல இடங்களில் மரம் மீண்டும் தழைத்தது. சீமைக்கருவேலத்தை வெட்டுவது எளிது. வெட்டிய இடத்தில் அது மீண்டும் முளைக்காமல் பார்த்துக்கொள்வதே கடினம் என்பதை இவ்வியக்கத்தின் பட்டறிவு காட்டுகிறது.

மரமும் அதன் பெயர்களும்

சீமைக்கருவேலம் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த முள்மரம் ஆகும். மெக்சிகோ, நடு அமெரிக்கா, கரிபியத் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகியன இதன் தாயகம். இதன் அறிவியற் பெயர் நெடுங்காலம் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்று வழங்கியது. 2022ஆம் ஆண்டில் தாவரவியலாளர்கள் புரோசோபிஸ் பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்தபோது இம்மரம் நெல்டுமா ஜூலிஃப்ளோரா ஆயிற்று. நம் நாட்டு வன்னி மரம் பழைய பேரினத்திலேயே, புரோசோபிஸ் சினரேரியா என்ற பெயரில் நீடிக்கிறது. பழைய நூல்களிலும் அரசு ஆவணங்களிலும் முன்னைய பெயரே காணப்படும் என்பதால் தேடுவோர் இரண்டையும் அறிந்திருத்தல் நலம்.

மக்கள் வழக்கில் இதற்கு வேலிக்கருவேல், வேலிகாத்தான், சீமைக்கருவை, சீமை உடை எனப் பல பெயர்கள் உண்டு. வேலிகாத்தான் என்ற பெயரே இம்மரம் ஒரு காலத்தில் எதற்காக விரும்பி வளர்க்கப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறது. தென் மாவட்டங்களில் வெறுமனே 'கருவை' என்றாலே பெரும்பாலும் இதனையே குறிக்கும். இந்தச் சுருக்கப் பெயர், நாட்டு மரமான கருவேலத்தோடு இதனைக் குழப்பிக்கொள்ள ஒரு காரணமாக அமைகிறது.

வருகையும் பரவலும்

சென்னை மாகாணத்தின் வடவட்டக் காடுகளின் காப்பாளராக இருந்த ரிச்சர்டு ஹென்றி பெடோம், வறண்ட பகுதிகளில் நடுவதற்காக இம்மரத்தின் விதைகளை வரவழைத்துத் தருமாறு 1876ஆம் ஆண்டில் வருவாய்த் துறைக்கு எழுதினார். 1877ஆம் ஆண்டில் ஜமைக்காவிலிருந்து வந்த விதைகள் இன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கடப்பைப் பகுதியில் கமலாபுரத்தில் நடப்பட்டன. தாது வருடப் பஞ்சம் தென்னிந்தியாவை வாட்டிய அதே ஆண்டுகள் அவை. வறட்சியைத் தாங்கி, உவர் மண்ணிலும் வளர்ந்து, விறகும் தரும் மரம் அன்றைய நிர்வாகிகளுக்கு ஒரு வரமாகத் தோன்றியிருந்தால் வியப்பில்லை. பின்னர் வந்த காலங்களிலும் விறகுத் தேவைக்காகவும் வறண்ட நிலங்களைப் பசுமையாக்கவும் இந்தியாவின் பல மாநிலங்களில் அரசுத் துறைகளே இதனை நட்டு வளர்த்தன. காமராசர் ஆட்சியில்தான் இம்மரம் தமிழகத்துக்கு வந்தது என்ற பரவலான கூற்று சரியன்று. மரம் வந்தபோது காமராசர் பிறக்கவேயில்லை.

நட்ட இடத்தோடு மரம் நிற்கவில்லை. இதன் முற்றிய காய்கள் இனிப்பானவை. ஆடும் மாடும் விரும்பித் தின்னும். கடினமான மேலுறை கொண்ட விதைகள் கால்நடைகளின் குடலைக் கடந்து சாணத்தோடும் புழுக்கையோடும் வெளிவந்து, எருவும் ஈரமும் சேர்ந்த இடத்தில் முளைக்கின்றன. மேய்ச்சல் முடிந்து மந்தை நீர் குடிக்க இறங்கும் கண்மாய்களில் இம்மரம் முதலில் குடியேறுவதற்கு இதுவும் ஒரு காரணம். வெள்ளமும் வாய்க்காலும் விதைகளை மேலும் கொண்டுசெல்கின்றன. மானாவாரி வேளாண்மை கைவிடப்பட்ட இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் தரிசுகளில் இது காடாகவே மண்டியது.

பாதிப்புகள்

கண்மாயின் உள்வாயில் மண்டிய சீமைக்கருவேலம் வண்டலைத் தேக்கி, நீர் கொள்ளும் அளவைக் குறைக்கிறது. வரத்துக்கால்களில் வளர்ந்து நீர்வரத்தைத் தடுக்கிறது. கரையில் வளரும் மரங்களின் வேர்கள் கரையையும் மடையையும் சேதப்படுத்துகின்றன. மேய்ச்சல் நிலங்களில் முட்புதர் அடர்ந்து புல் அற்றுப்போகிறது. இதன் இலைச் சருகில் உள்ள வேதிப்பொருட்கள் பிற செடிகளின் முளைப்பைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. கோடியக்கரைக் காட்டுயிர் உய்விடத்தில் வெளிமான்கள் மேயும் திறந்த புல்வெளிகளுக்குள் இம்மரம் புகுந்தமையால் வனத்துறை அங்கு இதனை அகற்றும் பணியை மேற்கொண்டது.

இதன் முள் காலில் தைத்தால் எளிதில் சீழ் கட்டும். ஆடு மேய்ப்போரும் வயலுக்குச் செல்வோரும் இதனை நன்கறிவர்.

மேற்பரப்பு நீர் கிடைக்காதபோது நிலத்தடி நீரை நாடும் இயல்பு இதற்கு உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில், இதே இனத்தொகுதியைச் சேர்ந்த மரத்தின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டது. அடிக்கடி எடுத்தாளப்படும் இவ்வெண் ஓரிடத்தில் காணப்பட்ட உச்ச அளவே ஆகும். எல்லா மரங்களும் அவ்வளவு ஆழம் வேர்விடும் என்று கொள்ளக்கூடாது.

2017ஆம் ஆண்டு எழுச்சி

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட ஏறத்தாழ 62 விழுக்காடு குறைந்தது. கண்மாய்கள் வறண்டன, வறண்ட கண்மாய்களில் பசுமையாக நின்றது சீமைக்கருவேலம் ஒன்றே. தண்ணீர் இல்லாமற்போனதற்கு இம்மரமே காரணம் என்ற எண்ணம் மக்களிடம் வேரூன்ற அந்தக் காட்சி போதுமானதாக இருந்தது. 2017 சனவரியில் சல்லிக்கட்டுத் தடைக்கு எதிராகத் திரண்ட இளைஞர்கள் பலர், போராட்டம் முடிந்தபின் நாட்டு மாடு, நாட்டு விதை, நீர்நிலை மீட்பு போன்றவற்றில் நாட்டம் கொண்டனர். சீமைக்கருவேல ஒழிப்பு அவர்களுக்கு உடனடியாகக் கையில் எடுக்கக்கூடிய செயலாக அமைந்தது. விடுமுறை நாட்களில் குழுக்களாகச் சேர்ந்து தத்தம் ஊர்க் கண்மாய்களிலும் பள்ளி வளாகங்களிலும் மரங்களை அகற்றினர்.

இதற்கு நீதிமன்றமும் ஒரு உந்துதலாக இருந்தது. மறுமலர்ச்சி திராவிட முன்னேற்றக் கழகப் பொதுச்செயலாளர் வைகோ உள்ளிட்டோர் தொடர்ந்த பொதுநல வழக்குகளில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, நீர்நிலைகளிலும் பொது இடங்களிலும் உள்ள சீமைக்கருவேல மரங்களை அகற்றுமாறு அரசுக்கு ஆணையிட்டது. பணிகளைப் பார்வையிட வழக்குரைஞர் ஆணையர்கள் அமர்த்தப்பட்டனர். கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் பொதுநல அமைப்புகளும் களத்தில் இறங்கினர். ஆனால் அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில், மரங்களை அகற்றுவதால் சூழலுக்கு ஏற்படும் விளைவுகள் ஆராயப்படவில்லை என்ற வாதத்தின் மீது சென்னையில் உள்ள முதன்மை அமர்வு இப்பணிக்கு இடைக்காலத் தடை விதித்தது. சில மாதங்களுக்குள் ஒரே உயர்நீதிமன்றத்திலிருந்து வந்த இவ்விரு ஆணைகளும், அகற்ற வேண்டும் என்பதில் தெளிவாக இருந்த தன்னார்வலர்களைக் குழப்பத்தில் ஆழ்த்தின. வழக்கு அதன் பின்னரும் பல கட்டங்களைக் கடந்தது.

2017 மார்ச்சில் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பெயரில் நீர்நிலைச் சீரமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. குடிமராமத்து என்பது புதிய சொல்லன்று. கண்மாய், வாய்க்கால், மடை ஆகியவற்றை அவற்றால் பயன்பெறும் குடிகளே ஆண்டுதோறும் செப்பனிடும் பழைய ஏற்பாட்டின் பெயர் அது. வெள்ளையர் ஆட்சி 1858ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி அதனைக் கட்டாய உழைப்பாக்க முயன்றது. ஆயினும் ஏற்பாடு தேய்ந்தே போனது. ஆண்டுதோறும் கண்மாயில் இறங்கிச் செடி பிடுங்கும் பழக்கம் நின்ற ஊர்களில் சீமைக்கருவேலம் எளிதில் மண்டியது. எனவே இம்மரத்தின் பரவலை ஒரு தாவரத்தின் வலிமையாக மட்டுமன்றி, ஒரு பொதுப்பணி மரபின் தளர்ச்சியாகவும் காண வேண்டும். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை 1992 முதல் நடத்திவரும் வயலகம் திட்டம், கண்மாய்ப் பாசன உழவர்களைச் சங்கங்களாக்கி இம்மரபை வேறு வடிவில் மீட்க முயன்ற முன்னோடி முயற்சிகளுள் ஒன்று.

பரப்புரையில் கலந்த பிழைகள்

இவ்வெழுச்சியின் முதன்மைப் பரப்புரைக் கருவி வாட்சப் ஆகும். துண்டறிக்கையும் பள்ளிப் பேச்சும் செய்ய வேண்டிய வேலையை ஒரு செய்தி சில நாட்களில் செய்து முடித்தது. அதே வேகத்தில் ஆதாரமற்ற கூற்றுகளும் பரவின. அவற்றுட் சில பாடசாலைச் சுவரொட்டிகளிலும் பேச்சுப் போட்டிகளிலும் இடம்பெற்றமையால் இங்கு விரிவாகக் குறிப்பிடுதல் தேவையாகிறது.

இம்மரம் காற்றில் உள்ள ஈரப்பதத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்பது அவற்றுள் முதன்மையானது. தாவரங்கள் பெரும்பாலும் வேர்வழியாக நீரை எடுத்து, இலைவழியாக நீராவியாக வெளிவிடுகின்றன. அடர்ந்த சீமைக்கருவேலத் தோப்புகள் இவ்வாறு பெருமளவு நீரை இழக்கச் செய்கின்றன என்பதை எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் நடந்த அளவீடுகள் காட்டியுள்ளன. ஆகவே நிலத்தடி நீர் பற்றிய கவலைக்கு அடிப்படை உண்டு. ஆனால் நீர் செல்லும் திசை அச்செய்தி கூறியதற்கு நேர்மாறானது. இம்மரம் உயிர்வளியை வெளியிடாமல் கரியமில வாயுவை மட்டும் வெளியிடுகிறது என்ற கூற்று ஒளிச்சேர்க்கை பற்றிய பள்ளிப் பாடத்தோடே முரண்படுகிறது.

பறவைகள் இம்மரத்தில் கூடு கட்டா என்பது மற்றொன்று. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் நாட்டுக் கருவேலத்தில் மட்டுமன்றிச் சீமைக்கருவேலத்திலும் நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன. எனவே பறவைகள் தங்கும் குளங்களில் இதனை ஒரே மூச்சில் அழிப்பது, மாற்று மரங்கள் வளரும்வரை அவற்றின் கூட்டிடத்தைப் பறிப்பதாக முடியும்.

கேரள அரசின் நடவடிக்கையால்தான் அங்கு ஒரு மரம்கூட இல்லை என்ற கூற்றில், தட்பவெப்பம் செய்யும் வேலை அரசின் சாதனையாக மாற்றப்பட்டது. மழை மிகுந்த ஈரநிலம் இம்மரத்திற்கு உகந்ததன்று. கால்நடைகள் இதன் காயைத் தின்றால் மலடாகும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஆயினும் வேறு தீவனமின்றி நெடுநாள் காயையே தின்னும் மாடுகளுக்குத் தாடைத் தசைகள் தளர்ந்து நரம்புக்கோளாறு ஏற்படுவது பிரேசில் நாட்டில் அறியப்பட்டுள்ளது. உலகப் பாதுகாப்பு ஒன்றியம் சார்ந்த வல்லுநர் குழு வெளியிட்ட, உலகின் மோசமான நூறு ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இம்மரம் உள்ளது என்றும் அடிக்கடி எழுதப்படுகிறது. அப்பட்டியலில் உள்ளது இதன் உறவினமான புரோசோபிஸ் கிளாண்டுலோசா ஆகும். தமிழகத்தில் பரவிய உண்ணிச்செடி, ஆகாயத்தாமரை, ஆப்பிரிக்கப் பெருநத்தை ஆகியன அதில் இடம்பெற்றுள்ளன.

இப்பிழைகள் தீங்கற்றவை என்று ஒதுக்குவோரும் உண்டு. மக்கள் களத்தில் இறங்கினால் போதும் என்பது அவர்கள் வாதம். ஆனால் மிகைக் கூற்றுகளைச் சுட்டிக்காட்டியே இவ்வியக்கம் முழுவதையும் புரளி எனத் தள்ளியவர்களும் இருந்தனர். கண்மாயும் மேய்ச்சல் நிலமும் உண்மையிலேயே பாதிக்கப்பட்டிருக்கும்போது மழையைத் தடுக்கும் மரம் என்ற கதை தேவையே இல்லை.

இனங்காணல்

அகற்றும் ஆர்வத்தில் நாட்டு முள்மரங்களையும் வெட்டிவிடும் இடர் உண்டு என்பதால், தன்னார்வலர்களுக்கு முதலில் கற்பிக்க வேண்டியது இனங்காணலே. பூவும் காயும் உள்ள பருவத்தில் இது எளிது. சீமைக்கருவேலத்தின் பூக்கள் வெளிர் மஞ்சள் நிறத்தில் நீண்ட கதிராகத் தொங்கும்; காய்கள் சற்றே வளைந்து, பழுத்தால் வைக்கோல் நிறமாகும். நாட்டுக் கருவேலத்தின் பூக்களோ பொன்மஞ்சள் நிற உருண்டைகள். அதன் சாம்பல் நிறக் காய்கள் விதைகளுக்கிடையே ஒடுங்கி மணிமாலை போலிருக்கும். குடைவேல் தன் விரிந்த குடை வடிவத்தாலும், வெள்வேல் தன் வெளிறிய பட்டையாலும் தொலைவிலிருந்தே தெரியும்.

கடினமானது வன்னி மரத்தைப் பிரித்தறிவதுதான். அதன் பூவும் வெளிர் மஞ்சள் கதிரே. வன்னியின் முட்கள் சிறியவை, அடி அகன்றவை, கிளை நெடுகிலும் சிதறி இருப்பவை. சீமைக்கருவேலத்தின் முட்கள் நீண்டு தடித்து, இலை தோன்றும் கணுவில் மட்டும் ஒன்றாகவோ இரண்டாகவோ நிற்கும். வன்னியின் காய் மெலிந்து உருண்டையாக இருக்கும். விருத்தாசலம் உட்பட்ட பல சிவன் கோயில்களில் தலமரமாகப் போற்றப்படும் மரம் இது. கோயிலுக்கு வெளியே முட்புதராக நிற்கும் வன்னிக் கன்றுக்கு அந்த மதிப்பு கிடைப்பதில்லை.

அகற்றும் முறை

சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால், மண்ணுக்குள் இருக்கும் வேரடியின் மொட்டுகளிலிருந்து பல துளிர்கள் எழும். ஒற்றைத் தண்டாக நின்ற மரம் சில மாதங்களில் புதராகிவிடும். வெட்டு, மரத்தைப் பெருக்குகிறது என்று ஊர்ப்புறங்களில் சொல்வது இதனாலேயே. ஆகவே தூரோடு தோண்டி எடுப்பதே நம்பகமான முறை. முழு வேரையும் தேடிச் செல்ல வேண்டியதில்லை. துளிர்க்கும் மொட்டுகள் உள்ள வேர்க்கழுத்துப் பகுதி முழுவதும் மண்ணிலிருந்து நீங்கினால் போதும்.

கன்றுகளை மழைக்குப் பின், மண் நெகிழ்ந்திருக்கும்போது கையால் அல்லது கடப்பாரையால் நெம்பிப் பிடுங்கலாம். தன்னார்வலர்களின் உழைப்பு மிகுந்த பயன் தருவது இங்குதான். முதிர்ந்த மரங்களுக்கு ஜேசிபி இயந்திரமே பொருத்தம்; பத்து மாணவர்கள் ஒரு நாள் முழுவதும் போராடும் தூரை அது சில நிமிடங்களில் புரட்டிவிடும். வெட்டிய கட்டையில் மண்ணெண்ணெய், கழிவெண்ணெய், களைக்கொல்லி ஆகியவற்றை ஊற்றும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஊர்மக்களும் கால்நடைகளும் நீர் அருந்தும் கண்மாயில் இதனைச் செய்யக்கூடாது.

காய் முதிர்வதற்கு முன் பணியை முடித்தல் வேண்டும். முற்றிய காய்களுடன் கிளைகளை இழுத்துச் சென்றால் வழியெங்கும் விதைப்பதாகிவிடும். உதிர்ந்த காய்களைச் சேகரித்து அரைத்தால் விதை அழிந்து, அளவாகக் கலந்து கொடுக்கத் தகுந்த தீவனமும் கிடைக்கும். மண்ணில் புதைந்த விதைகள் பல ஆண்டுகள் உயிருடன் இருக்கக்கூடியவை. எனவே அடுத்து வரும் ஒவ்வொரு மழைக்கும் பிறகு அதே இடத்திற்குச் சென்று புதுக் கன்றுகளைப் பிடுங்க வேண்டும். காலியான இடத்தில் நிலத்திற்கு ஏற்ற நாட்டுப் புல்லையோ மரங்களையோ வளர்த்தால் இவ்வேலை படிப்படியாகக் குறையும். பணிக்குச் செல்வோர் தடித்த காலணி, கையுறை ஆகியவற்றோடு கண்ணுக்குக் காப்பும் அணிதல் இன்றியமையாதது.

தன்னார்வப் பணியின் வரம்புகள்

நாட்டு நலப்பணித் திட்டம் 1969ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதன் சிறப்பு முகாம் ஏழு நாட்கள் நடைபெறும். ஏழு நாளில் ஒரு கண்மாயின் ஒரு மூலையைத் துப்புரவாக்கலாம். முகாம் முடிந்து மாணவர்கள் திரும்பியபின் முதல் மழையில் முளைக்கும் கன்றுகளை யார் பிடுங்குவது என்பதற்கு முகாம் அறிக்கையில் இடமில்லை. அடுத்த ஆண்டு முகாம் வேறு ஊரில் நடக்கும். சீமைக்கருவேலத்தின் வாழ்க்கைச் சுழற்சியும் கல்வியாண்டின் சுழற்சியும் பொருந்தாமையே இங்குள்ள சிக்கல். மாணவர்களின் ஆர்வக்குறைவு அன்று.

அகற்றிய மரங்களின் எண்ணிக்கையை மட்டும் வெற்றியின் அளவாகக் கொள்வதும் இதே சிக்கலின் மறுபக்கம். ஓராயிரம் மரங்களை வெட்டினோம் என்று அறிவிப்பது எளிது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவ்விடத்தில் எத்தனை உள்ளன என்பதே பொருளுள்ள எண். அதனை எண்ணுவோர் மிகச் சிலர். ஒரே கல்லூரி ஒரே கண்மாயைப் பல ஆண்டுகளுக்குத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டு, ஒவ்வொரு மழைக்காலமும் அங்கு செல்லுமாயின் இவ்விரு குறைகளும் ஒருங்கே நீங்கும். அவ்வாறு செய்ய முகாமின் விதிமுறைகளைப் பெரிதாக மாற்றவும் வேண்டியதில்லை.

சென்னையின் அடையாறு கழிமுகத்தை ஒட்டி அமைந்த தொல்காப்பியப் பூங்கா இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. கட்டட இடிபாடுகளும் சீமைக்கருவேலமும் நிறைந்திருந்த நிலம், கிழக்குக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களைக் கொண்டு மீட்கப்பட்டு 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இது அரசு நிதியில், வல்லுநர்களைக் கொண்டு நடந்த பணி. எனினும் பள்ளி மாணவர்கள் குழுக்களாக வந்து நாட்டு மரங்களையும் கழிமுகத்தின் உயிரினங்களையும் நேரில் கற்கும் இடமாக அது வடிவமைக்கப்பட்டது.

வாழ்வாதாரமும் எதிர்ப்பும்

சீமைக்கருவேலத்தை எல்லோரும் வெறுக்கவில்லை. வானம் பொய்த்த நிலத்தில் பயிர் தராத வருவாயை இம்மரம் தருகிறது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் கொண்டு மூடிப் பல நாட்கள் புகையவிட்டு எடுக்கும் கரிமூட்டத் தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் உள்ளன. செங்கற்சூளைகளுக்கும் உயிர்த்திரள் மின்நிலையங்களுக்கும் இவ்விறகு செல்கிறது. கண்மாயில் நிற்கும் மரங்களை ஏலம் விட்டுக் கிடைக்கும் பணம் பல ஊராட்சிகளுக்கு ஒரு வரவு. எரிவாயு உருளை விலை ஏறும்போதெல்லாம் ஏழை வீடுகளின் அடுப்பு மீண்டும் கருவை விறகை நாடுகிறது.

கரிமூட்டம் போடுவோர் தூரை விட்டுவிட்டுத் தண்டை மட்டும் வெட்டுவர். சில ஆண்டுகளில் அதே தூரிலிருந்து மறு அறுவடை கிடைக்கும் என்பதே அத்தொழிலின் கணக்கு. தன்னார்வலர் தூரைத் தோண்டும்போது அந்தக் கணக்கு முறிகிறது. ஆகவே ஓர் ஊரில் பணி தொடங்குமுன் அவ்வூரில் இம்மரத்தால் பிழைப்பவர் யார் என்று கேட்டறிவது நாகரிகம் மட்டுமன்று, பணி நிலைப்பதற்கான தேவையும் ஆகும். நீர்நிலைகள், வரத்துக்கால்கள், புல்வெளிகள் ஆகியவற்றிலிருந்து முற்றாக அகற்றுவதும், தனியார் தரிசுகளில் காய்க்குமுன் வெட்டிப் பயன்படுத்தி வரம்புக்குள் வைத்திருப்பதும் என இரு வேறு அணுகுமுறைகள் தேவை என்பது பலரும் முன்வைக்கும் கருத்து.

அரசின் கொள்கை

தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் ஆக்கிரமிப்புத் தாவரங்களைக் கட்டுப்படுத்தி வாழிடங்களை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. சீமைக்கருவேலத்தோடு உண்ணிச்செடி, மஞ்சள் கொன்றை போன்றவையும் அதன் வரம்புக்குள் வருகின்றன. தனித்தனி வழக்குகளின் ஆணைகளைப் பின்தொடர்ந்து ஓடிய நிலையிலிருந்து, அகற்றுதலையும் மீட்பையும் ஒன்றாகப் பார்க்கும் நிலைக்கு வந்தது இதன் சிறப்பு.

பிற இடங்களில்

இதே மரத்தோடு போராடும் பிற பகுதிகளின் பட்டறிவு தமிழகத்திற்கும் பொருந்துவதாகும். அரியானா மாநிலம் குர்கானில், கல் வெட்டி எடுக்கப்பட்டுச் சீமைக்கருவேலம் மண்டிய ஆரவல்லிக் குன்று நிலத்தை 'ஐயாம்குர்கான்' என்னும் குடிமக்கள் குழு 2010ஆம் ஆண்டுவாக்கில் மீட்கத் தொடங்கியது. மரங்களை ஒரேயடியாக அழிக்காமல், ஆரவல்லிக்கே உரிய மரங்களின் நாற்றுகளை வளர்த்து நட்டு, அவை நிலைபெற நிலைபெறச் சீமைக்கருவேலத்தைப் படிப்படியாக விலக்கினர். நாற்றங்காலிலும் நடவிலும் பள்ளி மாணவர்களும் நகரவாசிகளும் பங்குகொண்டனர். 2022 பெப்ரவரியில் இந்த ஆரவல்லி உயிர்ப்பன்மைப் பூங்கா, காப்புக்காடுகளுக்கு வெளியே சிறந்த பாதுகாப்பு நடைபெறும் இடம் என்ற உலக வகைப்பாட்டில் இந்தியாவின் முதல் இடமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டு உழைப்பு அது.

இலங்கையின் தென்கரையில், அம்பாந்தோட்டை மாவட்டத்திலுள்ள பூந்தல தேசியப் பூங்காவில் சீமைக்கருவேலமும் சப்பாத்திக்கள்ளியும் பரவிப் பறவைகளும் யானைகளும் பயன்படுத்தும் திறந்தவெளிகளைச் சுருக்கியுள்ளன. 1990ஆம் ஆண்டில் அந்நாட்டின் முதல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது.

கென்யாவின் பாரிங்கோ ஏரிப் பகுதியில் 1980களில் வளர்ச்சித் திட்டங்களின் வழியே நடப்பட்ட இம்மரத்தை அங்குள்ள மக்கள் 'மத்தெங்கே' என்பர். ஆடு மாடுகளை நம்பி வாழும் இல்சாமுஸ் மக்கள் 2006ஆம் ஆண்டில் தம் அரசுக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். இனிப்புக் காயைத் தின்று பற்கள் விழுந்துபோன ஓர் ஆட்டையே சான்றாக நீதிமன்றத்திற்குக் கொண்டுவந்தனர். தென்னாப்பிரிக்கா வேறு வழி கண்டது. 1995ஆம் ஆண்டு தொடங்கிய 'நீருக்கான பணி' என்னும் அரசுத் திட்டம், அயல் மரங்களை அகற்றும் வேலையை ஏழைகளுக்குக் கூலி வேலையாக வழங்கியது. தன்னார்வம் ஓய்ந்துபோகும் இடத்தில் கூலி தொடர்ச்சியைத் தந்தது.

இராசத்தானின் சோத்பூரில் இம்மரத்திற்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1940ஆம் ஆண்டில் அன்றைய சமத்தானம் இதனை அரசருக்குரிய சிறப்பு மரமாக அறிவித்துக் காத்தது. அதே நகரில் மேரங்கர் கோட்டையை ஒட்டிய எரிமலைப் பாறை நிலத்தில், சூழலியல் எழுத்தாளர் பிரதீப் கிருஷன் வழிகாட்டலில் 2006ஆம் ஆண்டில் மீட்புப் பணி தொடங்கியது. பாறை இடுக்குகளில் ஆழ வேரூன்றிய மரங்களை எவ்வாறு தூரோடு எடுப்பது என்பது விளங்காதிருந்தது. மணற்கல் வெட்டும் மரபுத் தொழிலாளரான கண்ட்வாலியர்கள், சுத்தியலால் தட்டிப் பாறையின் ஒலியைக் கேட்டே பிளவுகள் செல்லும் திசையை அறிந்து, உளியால் பிளந்து வேரடியை வெளியே எடுத்தனர். ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா என்னும் பெயரில் 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அவ்விடத்தில் தார்ப் பாலைவனத்தின் நாட்டுச் செடிகள் வளர்கின்றன.